பாய்ப்படகுக்கு சங்குட் என்ஜின்: எந்த உயரம், எந்தப் பக்கம்?

பதினாறடி | 3 மே, இரவு 9.15

மலேசியா, பாகான் டத்தோ. 16 அடி பாய்ப்படகு, பிளைவுட் மேல் ஃபைபர். சுக்கான் பின்பலகையின் நடுவில் தொங்குகிறது. 4 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் சங்குட் என்ஜின், அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது. விசிறிக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு தட்டு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும், ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று ஜெட்டியில் ஃபைபர் போட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அப்படியே பின்பலகையில் மாட்டிவிடலாமா? நடுவில் சுக்கான் இருப்பதால் ஓரத்தில்தான் இடம். இடமா, வலமா?

கழிமுகம் | 3 மே, இரவு 10.40

அவர்கள் சொல்வது அவர்கள் படகுக்குச் சரி. 40 ஹெச்பி போட்டால் ஃபைபர் போட் தண்ணீரை விட்டு எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். அடிமட்டத்தைத் தொட்டு வரும் தண்ணீர் நேராக விசிறிக்குப் போகும். அங்கே மோட்டாரின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, ஆழமாக இறக்கினால் வீண் இழுவை, எண்ணெய்ச் செலவு.

பாய்ப்படகு எழும்பாது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். தண்ணீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் அதன் உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். உன் படகு நீரில் 14.5 அடி இருந்தால் சுமார் 5.1 நாட். மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர். 4 ஹெச்பிக்கு அது தாராளம். 15 ஹெச்பி மாட்டினாலும் அதே வேகம்தான், பின்பக்கம் மட்டும் இன்னும் அமுங்கும்.

இந்த வேகத்தில் காலின் இழுவை பெரிய விஷயம் இல்லை. விசிறி காற்றை உறிஞ்சாமல் இருப்பதுதான் விஷயம். அதனால் படகின் அடிமட்டத்தை மறந்துவிடு, தண்ணீர் மட்டத்திலிருந்து கணக்கு எடு. தட்டு தண்ணீருக்குக் கீழே 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

கழிமுகம் | 3 மே, இரவு 10.55

அந்தத் தட்டை எல்லாரும் 'கேவிட்டேஷன் பிளேட்' என்பார்கள். பெயர் தப்பு. கேவிட்டேஷன் என்றால் விசிறி இலையின் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழ் விடுவது. நம் சிக்கல் அது இல்லை. மேலே இருக்கும் காற்று விசிறிக்குள் இழுக்கப்படுவது, அதற்கு வெண்டிலேஷன் என்று பெயர். என்ஜின் திடீரென்று அலறும், படகு நகராது. அந்தக் காற்று இறங்காமல் மூடி போடுவதுதான் தட்டின் வேலை. கடையில் கேட்கும்போது மட்டும் தப்புப் பெயரையே சொல். சரியான பெயரைச் சொன்னால் காற்றாடி விற்கிற கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பதினாறடி | 4 மே, காலை 7.20

நன்றி அண்ணே. என் மோட்டார் லாங் ஷாஃப்ட், அதாவது நீளக் கால் வகை, என்று விற்றவர் சொன்னார். ஒட்டுத்தாள் எதுவும் இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

கழிமுகம் | 4 மே, மதியம் 1.05

டேப் எடுத்து அள. கிளாம்பு பலகையின் தலையில் உட்காரும் உள்விளிம்பிலிருந்து அந்தத் தட்டு வரை. ஷார்ட் 15 அங்குலம், லாங் 20, எக்ஸ்ட்ரா லாங் 25. இது பேருக்குச் சொல்லும் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரண்டு அங்குலம் கூடும். அதனால் '20 அங்குலம்' என்று நம்பித் துளை போடாதே. உன் கையில் இருக்கும் மோட்டாரின் அளவுதான் அளவு.

கழிமுகம் | 4 மே, இரவு 11.30

நேற்று 10 சென்டிமீட்டர் என்று எழுதியது தப்பு. படகு அசையாமல் நின்றால் அது போதும். ஆனால் படகு எப்போது அசையாமல் நிற்கிறது?

மோட்டார் மிக அவசியமாக வேலை செய்ய வேண்டிய நேரம் எது என்று யோசித்துப் பார். ஜெட்டிக்கு வரும்போது. அந்த நேரம் பார்த்துத்தான் கூட வந்தவர் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போவார். 70 கிலோ ஆள் பின்னாலிருந்து மூன்று மீட்டர் முன்னால் நகர்ந்தால் இந்த அளவு படகு இரண்டு டிகிரிக்கு மேல் மூக்கைக் குத்தும். நடுவிலிருந்து மோட்டார் சுமார் 2.6 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு டிகிரிக்கு 9 சென்டிமீட்டர், மூன்று டிகிரிக்கு கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் மேலே வரும். நான் சொன்ன 10 சென்டிமீட்டர் அங்கேயே காலி. ரிவர்ஸ் போட்டு நிறுத்த வேண்டிய நொடியில் விசிறி காற்றைக் குடிக்கும், படகு ஜெட்டித் தூணைப் போய்க் கட்டிப்பிடிக்கும்.

அதனால் திருத்தம்: பயண எடையோடு படகு நேராக மிதக்கும்போது தட்டு 18 முதல் 20 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும்.

இப்போது கூட்டிப் பார். லாங் ஷாஃப்ட் என்றால் 51 சென்டிமீட்டர். அதில் 18 கழித்தால் 33. கிளாம்பு உட்காரும் பலகைத் தலை தண்ணீருக்கு மேல் 33 சென்டிமீட்டரில் வர வேண்டும். ஷார்ட் ஷாஃப்ட்டில் 38 கழித்தல் 18, வெறும் 20. பின்னாலிருந்து ஒரு அலை வந்தால் என்ஜின் தலை குளிக்கும். 16 அடிப் படகுக்கும் லாங் ஷாஃப்ட் கேட்பதற்குக் காரணம் இதுதான். தம்பி, விற்றவர் சொன்னது உண்மையாக இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம்.

பட்டறை | 5 மே, காலை 6.10

படகின் சாய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயை இறக்காமல் மோட்டாரையும் ஓட்டுகிறவர்கள் நம் ஆற்றில் அதிகம், வற்றுகிற நீரோட்டத்தை எதிர்த்து உள்ளே வர வேறு வழியில்லை. மோட்டார் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 15 டிகிரி சாய்வில் 10 சென்டிமீட்டர் மேலே ஏறும், 20 டிகிரியில் 14. 25 சென்டிமீட்டர் மட்டும் தள்ளி இருந்தால் 15 டிகிரிக்கு 6.5தான். முடிந்தவரை சுக்கானுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

கழிமுகம் | 5 மே, காலை 6.45

பட்டறை அண்ணன் சொல்வது சரி, ஆனால் சுக்கானுக்குப் பக்கத்தில் வருவதற்கும் ஒரு வரம்பு உண்டு. சுக்கானை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பு. மோட்டாரையும் சுக்கானை நோக்கி முழுசாகத் திருப்பு. இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைய வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு நாள் விசிறி சுக்கான் இலையைச் சீவித் தள்ளும். தரை தட்டினால் எழும்பும் வகைச் சுக்கான் என்றால் இலை பாதி தூக்கிய நிலையிலும் இதையே பார். அந்த நிலையில்தான் இலை பின்னால் நீண்டு விசிறிப் பக்கம் வரும்.

சுமத்ரா காற்று காலம் வந்துவிட்டது. விடியற்காலையில் மேற்கே கருத்துக்கொண்டு வந்தால் மோட்டார் இருக்கிறது என்ற தைரியத்தில் முழுப் பாயையும் விரித்து வைக்காதே. 30 டிகிரி சாய்ந்த படகில் எந்த உயரத்தில் மாட்டிய மோட்டாரும் உதவாது.

பதினாறடி | 5 மே, இரவு 8.00

இடமா வலமா என்பதை யாரும் சொல்லவில்லையே.

கழிமுகம் | 5 மே, இரவு 9.30

இடப்பக்கம்.

கழிமுகம் | 6 மே, காலை 5.50

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். விளக்கம் இது.

கியர் கைப்பிடி மோட்டாரில் எந்தப் பக்கம் என்று முதலில் பார். வலப்பக்கம் இருந்தால் மோட்டாரைப் படகின் இடப்பக்கம் மாட்டு, கைப்பிடி உன்னைப் பார்த்து இருக்கும். மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறை ரிவர்ஸ் போடவும் பின்பலகைக்கு வெளியே தொங்க வேண்டும். அப்படித் தொங்கும் 70 கிலோ வேறு கணக்கைக் கெடுக்கும். முன்பக்கம் கியர் உள்ள மோட்டாருக்கு இந்தக் காரணம் இல்லை. அங்கே எந்தப் பக்கமாக ஜெட்டி கட்டுகிறாய் என்று பார்த்து மறுபக்கம் மாட்டு. தூணில் இடிபடாது.

அடுத்து, ஓரத்தில் மாட்டிய மோட்டார் படகைத் திருப்பப் பார்க்கும். இடப்பக்கத்திலிருந்து தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். வலப்பக்கம் திரும்புவது சுலபம், இடப்பக்கம் திரும்ப இடம் அதிகம் வேண்டும். இதைச் சமாளிக்க மோட்டாரைக் கொஞ்சம் கோணலாகப் பூட்டு. மோட்டாரின் கைப்பிடி பாய்மரத்தின் அடியைப் பார்க்கட்டும், விசிறி வெளிப்பக்கம் திரும்பட்டும். கணக்குப்படி 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் எட்டு டிகிரிக்கு மேல் வரும். அவ்வளவு வைத்தால் படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும். மூன்று நான்கு டிகிரி வைத்து உராய்வு ஸ்குரூவை இறுக்கிவிடு, மிச்சத்தைச் சுக்கான் பார்த்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது: விசிறி தள்ளும் தண்ணீர் சுக்கான் மேல் படாது. நடுவில் விசிறி உள்ள படகில், நின்ற இடத்திலேயே சுக்கானைத் திருப்பி ஒரு உறுமல் கொடுத்தால் படகின் பின்புறம் பக்கவாட்டில் நகரும். உனக்கு அது நடக்காது. படகு நகர ஆரம்பிக்கும் வரை சுக்கான் வெறும் பலகை. ஜெட்டிப் பக்கத்தில் மோட்டாரையே கையால் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். அதனால் உராய்வு ஸ்குரூவை இறுக்கு என்றேனே, கையால் பலமாகத் தள்ளினால் திரும்பும் அளவுக்கு மட்டும்.

பட்டறை | 6 மே, மதியம் 12.40

மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் பற்றி. நேராகப் பின்பலகையில் மாட்டினால் பாய் ஓட்டும்போது காலைத் தூக்க முடியாது, சாய்த்தாலும் விசிறி நுனி தண்ணீரைக் கீறும். ஸ்பிரிங் வைத்து ஏற்றி இறக்கும் பிராக்கெட் வாங்குங்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் ஏற்றம் வேண்டும். மோட்டார் பக்கமாகப் படகு சாய்ந்தால் அதே 14 சென்டிமீட்டர் கீழேயும் இறங்குமே, அதையும் தாண்டி விசிறி மேலே நிற்க வேண்டும்.

பிராக்கெட்டில் எழுதியிருக்கும் ஹெச்பியை மட்டும் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் 4 ஹெச்பி 25 கிலோவுக்கு மேல் வரும். டூ ஸ்ட்ரோக் காலத்துப் பழைய பிராக்கெட்டில் ஸ்பிரிங் அதற்குப் பத்தாது, கையால் தூக்கினால் முதுகு போகும்.

நான்கு போல்ட்டு, எம்8, 316 ஸ்டெயின்லெஸ். மேலே உள்ள இரண்டு போல்ட்டுதான் உயிர். மோட்டாரின் எடை பின்னால் தொங்குவதால் மேல் போல்ட்டை வெளியே இழுக்கிறது. முன்னோக்கி ஓடும்போது விசிறி கீழே நின்று முன்னால் தள்ளுகிறது, அதுவும் பிராக்கெட்டின் தலையை வெளியேதான் நெம்புகிறது. இரண்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. கீழ் போல்ட்டு ரிவர்ஸ் போடும்போதுதான் இழுபடும். அதனால் உள்பக்கம் வெறும் வாஷர் போட்டு ஏமாறாதீர்கள். 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், பிராக்கெட்டைவிட நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி உள்ளே வையுங்கள், அதன் மேல் பெரிய வாஷர். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஐந்து மில்லி அலுமினியத் தகடு கிடந்தால் அதுவும் ஆகும். ஆனால் உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் பக்கத்திலுள்ள அலுமினியத்தைத் தின்னும், நடுவில் நைலான் வாஷரும் சீலண்டும் வேண்டும்.

சும்மா கிடைக்கிறது என்று இரும்புத் தகடு மட்டும் வேண்டாம். ஆறு மாதத்தில் பின்பலகை பூராவும் பாக்குப் போட்ட வாய் மாதிரி சிவக்கும்.

பதினாறடி | 6 மே, இரவு 10.10

பின்பலகையில் நேராக 8 மில்லித் துளை போட்டு சீலண்ட் அடித்தால் போதாதா?

பட்டறை | 7 மே, காலை 6.00

போதாது. பிளைவுட் பலகை. சீலண்ட் ஒரு நாள் விடும், தண்ணீர் பிளையின் ஓரத்தில் ஏறும், உள்ளே கருத்து மாவாகும். வெளியே பார்த்தால் ஃபைபர் பளபளவென்று இருக்கும்.

12 மில்லித் துளை போடுங்கள். உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்து, கெட்டியாக்கிய எப்பாக்சிப் பசையை நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் 8.5 மில்லித் துளை. இப்போது போல்ட்டு எப்பாக்சிக்குள் போகிறது, மரத்தைத் தொடவே இல்லை. அதன் பிறகு பாலியூரித்தேன் சீலண்ட். நட்டை முதல் நாள் பாதி இறுக்கிவிட்டு, சீலண்ட் ரப்பர் மாதிரி ஆனதும் முழுசாக இறுக்குங்கள். முதல் நாளே முறுக்கினால் எல்லாம் வெளியே பிதுங்கி உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. எப்பாக்சியை ஒரே கப்பில் நிறையக் கலந்தால் சூடேறி, புகைந்து, கப்போடு கல்லாகிவிடும். மெதுவாக இறுக வைக்கும் ஸ்லோ ஹார்ட்னர் வாங்குங்கள், ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், விடிந்ததும் வேலையை முடியுங்கள். மழை வரும் மாலையில் தொடாதீர்கள், மேலே மெழுகு மாதிரிப் படலம் கட்டும். கட்டிவிட்டால் தண்ணீரில் கழுவித் தேய்த்த பிறகுதான் அடுத்த பூச்சு.

கழிமுகம் | 7 மே, மதியம் 1.20

துளை போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். கரையில் டிரெய்லர் மேல் வைத்து அளக்காதே. நான்கு சுவரும் இல்லாத வீட்டுக்குத் திரைச்சீலை அளந்த கதையாகும்.

தண்ணீர் ஏறி நிற்கும் நேரம், காற்று இல்லாத காலை. பாகான் டத்தோவில் வற்றிய நேரம் இறங்கினால் முழங்கால் வரை சேறு, அளவும் கிடைக்காது செருப்பும் கிடைக்காது. பின்பலகையில் மோட்டார் வரப்போகும் இடத்தில் வெள்ளை டேப் செங்குத்தாக ஒட்டு. எண்ணெய், நங்கூரம், தண்ணீர்க் கேன், பாய் எல்லாம் ஏற்று. மோட்டாரின் எடைக்குப் பதிலாக 25 கிலோ அரிசி மூட்டையைப் பின்பலகை மேலேயே கட்டு. இரண்டு பேரும் வழக்கமான இடத்தில் உட்காருங்கள், ஜெட்டியில் நிற்கும் மூன்றாவது ஆள் தண்ணீர்க் கோட்டைப் பென்சிலால் குறிக்கட்டும். அது கோடு ஒன்று.

கூட வருபவர் முன்பக்கம் போய்க் கயிறு பிடிக்கும் இடத்தில் நிற்கட்டும். கோடு இரண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உனக்குத் தெரிய வேண்டிய எண்.

தட்டின் ஆழம் கோடு ஒன்றிலிருந்து அந்த எண்ணும், அலைக்கும் சாய்வுக்குமாக இன்னொரு பத்தும் சேர்த்து இருக்கட்டும்.

கழிமுகம் | 7 மே, மதியம் 1.45

அரிசி மூட்டையை பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டு. வீட்டில் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லாதே.

நீப்பாக்கரை | 7 மே, இரவு 9.00

ஆழமாக இறக்க இறக்க நல்லது என்றால் 30, 35 என்று இறக்கிவிடலாமே? எதற்கு இத்தனை கணக்கு?

கழிமுகம் | 7 மே, இரவு 10.15

இறக்க முடியாது. காலின் பின்பக்கம், கிளாம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மெதுவாக ஓடும்போது புகை அது வழியாகத்தான் போகும், ஏனென்றால் விசிறி நடுவிலுள்ள பெரிய வழியைத் தண்ணீர் அடைத்து நிற்கிறது. அந்தச் சின்ன ஓட்டையும் முங்கினால் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் திக்கித் திக்கி நின்றுவிடும். இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து, படகு முழு வேகத்தில் பின்பக்கம் அமுங்கும்போதும் அந்த ஓட்டை வெளியே இருக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கழுவி ஓய்ந்த பல மோட்டார்களில் நோய் இந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

நீப்பாக்கரை | 8 மே, காலை 7.00

படகுக்குள்ளேயே கிணறு மாதிரி வெட்டி மோட்டாரை இறக்கினால்? விசிறி மேலே வராது, எடையும் நடுவுக்கு வரும்.

பட்டறை | 8 மே, மதியம் 12.15

வரும். ஆனால் கிணற்றுக்குள் புகை சுற்றிச் சுற்றி நிற்கும், என்ஜின் தன் புகையையே மூச்சாக இழுத்து மூச்சு முட்டி நிற்கும். காற்றுக்கு வழி வெட்ட வேண்டும். காலைச் சாய்த்துத் தூக்க முடியாது, பாய் ஓட்டும்போது முழு மோட்டாரையும் தூக்கி வெளியே எடுத்து ஓட்டையைக் கட்டையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வாளியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. கட்டும்போதே வைத்த கிணறு என்றால் நல்ல ஏற்பாடு. இருக்கும் படகை வெட்டாதீர்கள்.

பதினாறடி | 8 மே, இரவு 8.30

பிராக்கெட் பலகையில் மோட்டாரை மாட்டினேன். கிளாம்பு ஸ்குரூவைக் கையால் எவ்வளவு முறுக்குவது? ஸ்பேனர் போடலாமா?

பட்டறை | 8 மே, இரவு 9.10

கை போதும், ஆனால் இரண்டு தடவை. ஓடி 15 நிமிடம் கழித்து நிறுத்தி இன்னொரு முறை முறுக்குங்கள், கட்டாயம் கால் சுற்று போகும். பலகை அமுங்கியிருக்கும். கிளாம்புக் கால் பதியும் இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை, மேல் விளிம்பு மடிந்த மாதிரி வைத்துவிட்டால் மேலே வழுக்கி ஏறாது. கூடவே மோட்டாரிலிருந்து படகுக்கு ஒரு கயிறு, எட்டு மில்லி, பிராக்கெட்டில் கட்டாமல் படகின் உடம்பில் கட்டுங்கள். பிராக்கெட்டே பிடுங்கிக்கொண்டு போனால் அதோடு சேர்த்துக் கட்டிய கயிற்றால் என்ன பயன்?

கழிமுகம் | 9 மே, காலை 6.20

சாய்வு ஊசி பற்றி யாரும் எழுதவில்லை. கிளாம்பின் கீழே நான்கைந்து ஓட்டை, குறுக்கே ஒரு ஊசி. அதை மாற்றினால் காலின் கோணம் மாறும். விசிறித் தண்டு தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், ஓடும்போது. நிற்கும்போது அல்ல. ஓடினால் பின்பக்கம் அமுங்கும் என்பதால் நின்று பார்த்து வைத்த கோணம் தப்பாகும். கால் வெளியே தள்ளியிருந்தால் விசிறி தண்ணீரை மேல்நோக்கி வீசும், பின்பக்கம் இன்னும் அமுங்கும். உள்ளே தள்ளியிருந்தால் மூக்கு குத்தும். முக்கால் வேகத்தில் போய் பின்னால் எட்டிப் பார், நுரை பூப்போல மேலே எழும்பினால் ஊசியை ஒரு ஓட்டை உள்ளே மாற்று.

நீப்பாக்கரை | 9 மே, காலை 7.30

பேராக் ஆற்று முகத்தில் விசிறிக்கு முதல் எதிரி காற்று இல்லை, தேங்காய் மட்டை. இரண்டாவது நீப்பா ஓலை. மூன்றாவது பிளாஸ்டிக் பை. உயரத்தைச் சரியாக வைத்தாலும் மட்டை வந்து அடித்தால் விசிறித் தண்டின் ஊசி போகும்.

கழிமுகம் | 9 மே, காலை 7.50

சியர் பின். விசிறித் தண்டில் குறுக்கே இருக்கும் சின்ன ஊசி, கியரைக் காப்பாற்றத் தன்னைப் பலி கொடுக்கும். சிறிய மோட்டார்கள் பலவற்றில் உண்டு. இரண்டு ஊசி, இரண்டு கொண்டை ஊசி, ஒரு குறடு, எல்லாவற்றையும் ஒரு மைலோ டப்பாவில் போட்டு மோட்டார் பக்கத்திலேயே வை. ஆணியை வெட்டிப் போடாதே. ஆணி உடையாது, கியர் உடையும்.

பிராக்கெட்டை ஏற்றிய நிலையில் ஊசி மாற்றக் கை எட்டுகிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள். எட்டாவிட்டால் பிராக்கெட்டை இன்னும் உள்பக்கம் தள்ளு. இடம் தேர்ந்தெடுக்கும்போது இதுவும் ஒரு கணக்கு.

பட்டறை | 9 மே, மதியம் 1.00

சேறு. தட்டுக்குக் கீழேதான் தண்ணீர் உறிஞ்சும் வலை. வற்றிய நேரம் காலை முழுசாக இறக்கி ஓட்டினால் குழம்புத் தண்ணீர் உள்ளே போய் நீர் பம்பின் சக்கரமான இம்பெல்லரைத் தேய்க்கும். பக்கத்தில் பீச்சும் சின்ன நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். வருடம் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். ஹோண்டா 2.3 மாதிரி காற்றால் குளிரும் மோட்டாரில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அதில் ரிவர்ஸும் கிடையாது, மோட்டாரை முழு வட்டம் திருப்பித்தான் பின்னால் வர வேண்டும். சுக்கானுக்குப் பக்கத்தில் மாட்டினால் அந்த வட்டம் இடிக்கும்.

கழிமுகம் | 9 மே, இரவு 11.00

ஆம், அந்த வகைக்கு நான் சொன்ன நான்கு விரல் இடைவெளி பத்தாது. என்ஜின் தலையும் கைப்பிடியும் சுற்றி வர இடம் விட வேண்டும்.

பாயின் கயிறும் ஒரு பிரச்சினை. பாயின் அடியில் படுத்திருக்கும் பூம் கட்டை பக்கம் மாறும்போது தொங்கும் கயிறு என்ஜின் தலையில் மாட்டும். பிராக்கெட் ஏற்றிய நிலையில் பூம் கட்டையைக் கையால் இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்.

பதினாறடி | 16 மே, மாலை 6.40

அளந்தாயிற்று. மோட்டார் லாங் ஷாஃப்ட்தான், டேப்பில் 53 சென்டிமீட்டர். கோடு ஒன்றுக்கும் இரண்டுக்கும் 9 சென்டிமீட்டர். பத்து சேர்த்து 19. ஆக, பலகைத் தலை தண்ணீருக்கு மேல் 34. கியர் வலப்பக்கம், அதனால் மோட்டார் இடப்பக்கம், நடுவிலிருந்து 32. சுக்கானோடு இடைவெளி ஐந்து விரல். புகை ஓட்டை நன்றாக மேலே நிற்கிறது.

இன்று காலை ஓட்டினேன். தம்பியை முன்னால் அனுப்பி ரிவர்ஸ் போட்டதில் அலறல் இல்லை. மேல் இடது போல்ட்டில் மட்டும் உள்பக்கம் ஈரம் தெரிகிறது.

பட்டறை | 16 மே, இரவு 7.15

நட்டை முழுசாக இறுக்கினீர்களா, பாதியிலேயே விட்டுவிட்டீர்களா?

பதினாறடி | 16 மே, இரவு 7.20

அந்த ஒன்றை மறந்துவிட்டேன்.

பட்டறை | 16 மே, இரவு 7.30

இப்போது இறுக்காதீர்கள், கெட்டியான சீலண்ட் உள்ளே கிழிந்திருக்கும். கழற்றி, சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புதிதாக அடியுங்கள். நட்டை இறுக்கும்போது போல்ட்டுத் தலையை வெளியே ஒருவர் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளட்டும். போல்ட்டு சுற்றினால் சீலண்ட் மறுபடி கிழியும், நட்டு மட்டும்தான் சுற்ற வேண்டும்.

கழிமுகம் | 16 மே, இரவு 9.00

உப்புத் தண்ணீரில் ஓட்டியிருக்கிறாய். நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட விட்டாயா? விட்ட பிறகு கால் கீழே இருக்கும்படி நிறுத்தித் தண்ணீர் வடிந்ததும்தான் படுக்க வை. எந்தப் பக்கம் படுக்கலாம் என்று மோட்டார் மேலேயே படம் ஒட்டியிருக்கும். மாற்றிப் படுக்க வைத்தால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் போகும்.

உன் மோட்டாரில் ஒட்டுத்தாள் இல்லை, இல்லையா? அப்படியானால் படுக்கவே வைக்காதே. ஒரு பலகை ஸ்டாண்டு அடித்து நிறுத்தி வை.

பதினாறடி | 16 மே, இரவு 9.10

அரிசி மூட்டை நனைந்துவிட்டது அண்ணே. வீட்டில் உங்கள் பெயரைத்தான் சொன்னேன்.